கோயில் காட்டைக் காப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மரக்காணம் தாண்டிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரியை நோக்கிப் போனால், கீழ்புத்துப்பட்டு ஐயனார் கோயிலைச் சுற்றி ஒரு காடு நிற்பதைப் பார்க்கலாம். வானளாவிய மரங்கள் இல்லை. பெரும்பாலானவை தென்னையைவிடக் குட்டை. இலைகள் சின்னவை, தடிப்பானவை, கரும்பச்சை. சித்திரை வெயிலிலும் காடு மொட்டையாவதில்லை. உள்ளே மரத்துக்கு மரம் கொடிகள் பின்னிக் கிடப்பதால் ஆள் நடக்கவே வழி தேட வேண்டியிருக்கும். பாலை, வீரை, காயா, நாவல், காட்டு எலுமிச்சை, களா எனக் கலந்து வளரும் இந்த வகைக் காட்டுக்குத் தாவரவியலார் வைத்த பெயர் உலர் பசுமைமாறாக் காடு. வருஷ மழையில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்ந்துவிடும். மீதி மாதங்களைக் காய்ந்தே கழிக்கிற மண்ணில் இந்தக் காடு பச்சையாக நிற்கிறது. ஒரு காலத்தில் சோழமண்டலக் கடற்கரையை ஒட்டிப் பரவியிருந்தது. இன்று சென்னை கிண்டிப் பூங்காவில் கொஞ்சம், கோடிக்கரையில் கொஞ்சம், மற்றபடி ஐயனார், அம்மன், முனீஸ்வரன் காவலில் ஏக்கர் கணக்கில் துண்டு துண்டாக. இலங்கை வன்னிக் காடுகளிலும் இதே பாலையும் வீரையும் உண்டு.

சாலைக்கும் மனைக்கும் விறகுக்கும் இந்தக் காடுகள் போனது எல்லோருக்கும் தெரியும். நான் எழுத வந்தது வேறு. மிஞ்சியிருக்கிற துண்டுகளைக் காப்பாற்ற வேண்டும் என்ற நல்ல எண்ணத்தோடு வருகிறவர்கள் அவசரத்தில் செய்கிற சேதம் பெரிதாக இருக்கிறது. அதைத் தவிர்ப்பது நம் கையில்தான் இருக்கிறது.

புதரைச் சுத்தம் செய்வது

திருவிழா நெருங்கினாலும் சரி, கும்பாபிஷேகம் வந்தாலும் சரி, இளைஞர்கள் சேர்ந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு நல்லது செய்ய நினைத்தாலும் சரி, முதல் வேலை காட்டுக்குள் அரிவாளோடு இறங்குவது. செடி, கொடி, முள் எல்லாவற்றையும் வெட்டிச் சருகோடு கூட்டித் தீ வைத்துவிடுகிறார்கள். பெரிய மரங்கள் மட்டும் நிற்கின்றன. பார்க்கப் பளிச்சென்று இருக்கிறது, படம் எடுத்துப் போடுகிறோம். இதைவிடப் பெரிய தவறு இந்தக் காட்டுக்குக் கிடையாது என்பேன்.

அந்தப் ‘புதரில்’ பாதி, அடுத்த தலைமுறை மரங்கள். பாலையும் வீரையும் மெதுவாக வளர்பவை. முழங்கால் உயரக் கன்று ஒன்று, மேலே ஒரு கிளை முறிந்து வெளிச்சம் விழும்வரை பல வருஷம் அதே உயரத்தில் காத்திருக்கும். அரிவாளுக்கு அது களைதான். வருஷா வருஷம் சுத்தம் செய்கிற கோயில் காட்டில் கிழட்டு மரங்கள் இருக்கும், அவற்றின் பிள்ளைகள் இருக்காது. ஒரு புயலில் பெரியவை சாய்ந்தால் அந்த இடம் திடலாகிவிடும்.

சருகுக்கும் வேலை இருக்கிறது. இங்கே கோடை நீளம். சருகு மூடிய மண் ஈரத்தைப் பிடித்து வைக்கிறது, கூட்டிப் பெருக்கிய மண் கட்டாந்தரையாகிறது. ஆறுமணிக்குருவி குளிர்காலத்துக்கு வடக்கிலிருந்து இங்கே வருகிறது. பச்சை முதுகும் சிவந்த அடிவயிறும் கொண்ட இந்த அழகான பறவை மரத்தின் உச்சியில் மேய்வதில்லை. தரையில் சருகைத் தள்ளித் தள்ளிப் புழு பூச்சி பொறுக்குகிறது. சருகைக் கொளுத்திய காட்டில் அதற்குச் சாப்பாடு இல்லை.

கொடிகளை ‘மரத்தை நெரிக்கிறது’ என்று வெட்டுவதும் உண்டு. இந்தக் காடுகளின் அடையாளமே கொடிகள்தான். திண்டுக்கல், கரூர்ப் பக்கம் தேவாங்கு இருக்கிற இடங்களில் கொடியை வெட்டுவது அதன் பாதையை வெட்டுவது. தேவாங்கு தாவாது. கிளையிலிருந்து கிளையைப் பிடித்து மெல்ல நகர்கிற பிராணி அது. கொடியும் கிளையும் தொட்டுக்கொண்டிருந்தால்தான் தரைக்கு இறங்காமல், நாயிடமும் வண்டிச் சக்கரத்திலும் மாட்டாமல் அடுத்த மரத்துக்குப் போக முடியும். கடவூர்ப் பகுதியில் 2022-இல் தேவாங்குக்கென்றே ஒரு சரணாலயம் அறிவித்தார்கள். இந்தியாவில் அதுதான் முதல். அதற்கு வெளியே, ஊர் ஓரத் தோப்புகளிலும் வேலிகளிலும் வாழும் தேவாங்குகளுக்கு நாம் வெட்டாமல் விடும் கொடிதான் பாதுகாப்பு.

அப்புறம் பேவர் பிளாக். கோயிலைச் சுற்றித் தளம், தளத்தைச் சுற்றி வண்டி நிறுத்தம், நடுவில் உயர்கோபுர மின்விளக்கு. வேர் மேல் சிமெண்ட் போட்டால் மழைத்தண்ணீர் உள்ளே இறங்காது. விடிய விடிய எரியும் விளக்கு, இருட்டை நம்பி வாழும் வௌவாலையும் ஆந்தையையும் விரட்டுகிறது. சாமி கும்பிட வருகிறவர்களுக்கு வசதி வேண்டும், மறுக்கவில்லை. அந்த வசதியைக் காட்டுக்கு வெளியே சாலை ஓரத்தில் செய்துகொண்டு, உள்ளே ஒற்றையடிப் பாதையை அப்படியே விடலாம். காய்ந்த சுள்ளியைக்கூட எடுக்கக் கூடாது என்ற கட்டுப்பாடு பல ஊர்களில் இன்னும் இருக்கிறது. பெரியவர்கள் வைத்த அந்த ஒரு விதியைக் காப்பாற்றினாலே பாதிக் காடு தானாகப் பிழைக்கும்.

இருப்பதைப் பார்க்காமல் குழி வெட்டுவது

காடு மீட்பு என்றதும் கன்று நடுவதுதான் நினைவுக்கு வருகிறது. ஆனால் அழிந்துபோனதாகத் தெரியும் பல இடங்களில் காடு மண்ணுக்குள் இருக்கிறது. இந்த மரங்களில் பல, வெட்டிய அடிக்கட்டையிலிருந்தும் வேரிலிருந்தும் மறுபடி துளிர்ப்பவை. ஆடு மேய்ந்து மேய்ந்து கணுக்கால் உயரத்துக்குக் குறுகிப்போன செடியைக் கிளறிப் பார்த்தால், கீழே மணிக்கட்டுத் தடிமனில் வேர் இருக்கும். அங்கே ஜேசிபியைக் கொண்டுவந்து நிலத்தைச் சமன் செய்து வரிசையாகக் குழி எடுத்தால், இருந்த காட்டைத் தோண்டி எறிந்துவிட்டுப் புதிதாக ஒரு தோப்பு வைக்கிறோம் என்று பொருள்.

செய்ய வேண்டியது எளிது. முள்வேலி போட்டு ஒரு மழைக்காலம் முழுக்கத் தொடாமல் விடுங்கள். தை மாதம் போய்ப் பாருங்கள். எது துளிர்த்திருக்கிறது, குருவியும் வௌவாலும் எச்சமிட்டு எது முளைத்திருக்கிறது என்று எழுதி வையுங்கள். அதில் இல்லாததை மட்டும் நடுங்கள். ஒரு வருஷம் தாமதமாகும். செலவு குறையும்.

எல்லா வெட்டவெளியும் காடாக வேண்டியதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கோடிக்கரைப் புல்வெளி வெளிமானுக்கு வீடு. தூரத்தில் வருவதைப் பார்த்து ஓடித் தப்பிக்கும் அந்த மானுக்கு மரம் அடர்ந்த இடம் ஆகாது. நீலகிரியிலும் பழனி மலையிலும் சோலைக்கு நடுவே விரிந்து கிடக்கும் புல்வெளிகளை வீண் நிலம் என்று நினைத்து, வெள்ளைக்காரர் காலத்திலும் அதற்குப் பின்னும் சீகை எனப்படும் வாட்டில் மரமும் யூகலிப்டஸும் பைனும் நட்டார்கள். வரையாடு மேய்கிற புல் போனது. அதே தவறை இன்று ‘பசுமையாக்கல்’ என்ற பெயரில் செய்யக் கூடாது. புல்வெளியைப் புல்வெளியாக விடுவதும் காப்பதுதான்.

எந்த மரம்?

நாட்டு மரம் நட வேண்டும் என்ற புரிதல் வந்திருக்கிறது, மகிழ்ச்சி. நடைமுறையில் கிடைப்பது என்னவோ வேம்பு, புங்கன், பூவரசு, மிஞ்சினால் மருதம். கூடவே நிழலுக்குத் தூங்குமூஞ்சி, பூவுக்குச் செம்மயிற்கொன்றை, வருமானத்துக்கு மகாகனி. தூங்குமூஞ்சியும் மகாகனியும் அமெரிக்கக் கண்டத்தவை, செம்மயிற்கொன்றை மடகாஸ்கரிலிருந்து வந்தது. தெருவோரத்தில் அவை இருக்கட்டும். காட்டுக்குள் வேண்டாம். இந்திய மரம் என்பதாலேயே அது இந்த மண்ணுக்குரியதாகிவிடாது என்பதையும் கவனியுங்கள். மேற்கு மலை மழைக்காட்டு மரத்தைக் கடலூர் மணலில் வைத்துத் தண்ணீர் ஊற்றி உயிர்ப்பிப்பதில் யாருக்கும் பலனில்லை.

உங்கள் ஊரிலிருந்து பத்து, இருபது கிலோமீட்டருக்குள் இருக்கிற பழைய கோயில் காடுதான் உங்கள் பட்டியல். அங்கே எது நிற்கிறதோ அது. மேட்டில் எது, பள்ளத்தில் எது, ஓரத்தில் எது என்று பாருங்கள். திருமால் நிறத்துக்குக் காயாம்பூவை உவமை சொல்லிப் பாடுகிறோம். கோடையில் கிளையெல்லாம் நீலமாகப் பூத்து நிற்கும் அந்தக் காயா நம் கடலோரக் காட்டு மரம். நாற்றங்காலில் கேட்டால் பெரும்பாலும் கிடைக்காது. கேட்கிறவர்கள் கூடினால்தான் வளர்ப்பார்கள்.

மரம் மட்டும் நடுவது இன்னொரு குறை. களா, காரை, சூரை போன்ற குத்துச்செடிகள்தான் காட்டின் ஓரத்தை மூடி வெப்பக்காற்று உள்ளே போகாமல் தடுக்கின்றன. சின்னான் குருவி கூடு கட்டுவது அதில்தான். முள் இருக்கிறது என்பதாலேயே அவற்றை யாரும் நடுவதில்லை. ஆடு நுழையாமல் காப்பதும் அந்த முள்தான்.

வெளியூர் மரத்துக்கு ஒருபோதும் இடமில்லை என்றும் நான் சொல்லமாட்டேன். ஆரோவில் 1968-இல் தொடங்கியபோது அந்தச் செம்மண் மேடு மழையில் அரித்து ஓடை ஓடையாகப் பிளந்து கிடந்தது. முதலில் வரப்பு போட்டுத் தண்ணீரை நிறுத்தினார்கள். பிறகு சுட்டெரிக்கும் மண்ணில் சீக்கிரம் நிழல் தர ஆஸ்திரேலியாவின் கத்திச்சவுக்கு போன்றவற்றையும் நட்டு, அந்த நிழலில் நம் மரங்களை வளர்த்தார்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தபோது, வேகமாக வளர்ந்த அந்த அந்நிய மரங்கள் பெருமளவில் சாய்ந்தன. மெதுவாக வேர்விட்டு வளர்ந்த இந்த மண்ணின் மரங்கள் காற்றை அவற்றைவிட நன்றாகத் தாங்கின. வரப்பு முதலில், நிழல் அடுத்து, நிரந்தர மரம் கடைசியில் என்ற அந்த வரிசை நமக்கும் உதவும். வரப்பைப் பற்றி யோசிக்காமல் கன்றை மட்டும் நடுகிறவர்கள் கோடை முழுக்க லாரித் தண்ணீருக்குப் பணம் கட்டுகிறார்கள்.

மியாவாக்கி முறையைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஜப்பானியத் தாவரவியலாளர் அகிரா மியாவாக்கி வகுத்த முறையின் அடிப்படையே அந்த இடத்தில் இயற்கையாக வளரக்கூடிய மரங்களைக் கண்டுபிடித்து, அவற்றை மட்டும் நெருக்கமாக நடுவதுதான். நம்மூரில் நெருக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம். கிடைத்த கன்றையெல்லாம் நெருக்கி நட்டுப் பலகை வைத்துவிடுகிறோம். நகரத்தில் குப்பை மேடாக இருந்த இடத்துக்கு அது பரவாயில்லை. ஏற்கெனவே முட்காடோ கோயில் காடோ இருக்கிற இடத்தை உழுது அதைச் செய்வது எந்த வகையிலும் நியாயமில்லை.

விதைப்பந்தும் ஜூன் 5-ம்

பள்ளிப் பிள்ளைகள் ஆசையோடு ஆயிரக்கணக்கில் விதைப்பந்து உருட்டுகிறார்கள். அந்த ஆசையை மதிக்கிறேன். முறையைத்தான் மாற்ற வேண்டும். வேம்பு விதை சில வாரங்களில் முளைப்புத் திறனை இழந்துவிடும். நாவல் கொட்டை காய்ந்தாலே செத்துவிடும். அதை மண்ணில் உருட்டி வெயிலில் காயவைத்து, மாதக்கணக்கில் மூட்டையில் வைத்திருந்து, ஓடுகிற பேருந்திலிருந்து வீசினால் எது முளைக்கும்? முளைப்பதற்கும் தப்பிப்பதற்கும் எதிராக எறும்பு, ஆடு, கோடை என்று வரிசையாக நிற்கின்றன. காப்புக்காட்டுக்குள் எறிவது இன்னும் மோசம். அங்கே இல்லாத செடியை நாமே கொண்டு சேர்க்கிறோம்.

அதே பிள்ளைகளை, பழம் விழுகிற காலத்தில் கோயில் காட்டுக்குக் கூட்டிப்போய்க் கொஞ்சமாக விதை பொறுக்க வைக்கலாம். ஒரே மரத்தடியில் மொத்தமாக அள்ளாமல் பல மரங்களிலிருந்து, பறவைக்கும் மண்ணுக்கும் மீதி விட்டு எடுக்க வேண்டும். அன்றோ மறுநாளோ பையில் ஊன்றிவிட வேண்டும். சின்னப் பையில் இரண்டு மூன்று வருஷம் கிடந்து, வேர் அடியில் சுருண்டுபோன உயரக் கன்றைவிட, வேர் நேராக இருக்கிற முக்கால் அடிக் கன்று நன்றாகப் பிடிக்கும்.

நடுவதற்கு உலகச் சுற்றுச்சூழல் தினமான ஜூன் 5-ஐத் தேர்ந்தெடுப்பது நம் கிழக்குக் கரைக்குப் பொருந்தாது. அக்கினி நட்சத்திரம் முடிந்து ஒரு வாரம்தான் ஆகியிருக்கும். வடகிழக்குப் பருவமழைக்கு இன்னும் நான்கு மாதம். சுற்றுச்சூழல் தினத்தன்று விதையைப் பற்றிப் பேசுங்கள், குழி எடுங்கள், வரப்பு போடுங்கள். கன்று மண்ணுக்குப் போவது ஐப்பசியில், முதல் இரண்டு நல்ல மழைக்குப் பிறகு இருக்கட்டும். தென்மேற்கு மழை கிடைக்கிற கூடலூர், வால்பாறைப் பக்கத்துக்கு இந்தக் கணக்கு மாறும்.

எத்தனை நட்டோம் என்ற எண்ணிக்கையை யாரும் கொண்டாட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். மூன்று கோடை தாண்டி நிற்பவற்றை எண்ணுங்கள்.

சீமைக்கருவேலத்தை ஒரே நாளில் ஒழிப்பது

அது வேண்டாத மரம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. எப்படி எடுப்பது என்பதில்தான் தவறு நடக்கிறது. தரைக்கு மேலே வெட்டினால் அடியிலிருந்து இன்னும் அடர்த்தியாகக் கிளைக்கும். ஜேசிபி விட்டு மொத்தமாகப் புரட்டினால், மண்ணில் பல வருஷமாகக் கிடக்கும் அதன் விதைகள் அடுத்த மழையில் கம்பளமாக முளைக்கும். போதாக்குறைக்கு, அதன் நிழலில் பறவை போட்டு முளைத்திருந்த வேம்பும் வெள்வேலும் நுணாவும் சேர்ந்து போய்விடும். பகுதி பகுதியாக, நெற்று முற்றுவதற்கு முன்னால், அடிக்கட்டையோடு தோண்டி எடுக்க வேண்டும். எடுத்த இடத்தில் உடனே நம் செடிகள் இருக்க வேண்டும். அடுத்த சில வருஷம் மழைக்குப் பின் போய் நாற்றுகளைக் கையால் பிடுங்க வேண்டும். பிடுங்க ஆள் இல்லையென்றால் தொடங்காமலிருப்பது நல்லது. ஆடு மாடு நெற்றைத் தின்று சாணத்தோடு விதையைப் பரப்புவதால், காய்க்கும் காலத்தில் மந்தை எங்கிருந்து வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

உண்ணிச்செடிக்கும் இதே பொறுமை தேவை. தரைக்குச் சற்றுக் கீழே ஆணிவேரை வெட்டி, செடியைத் தலைகீழாகப் போட்டுவிட்டால் மண்ணும் கலையாது, மறுபடியும் துளிர்க்காது.

ஊரைக் கேட்காமல் செய்வது

கோயில் காட்டின் நிலம் சில இடத்தில் புறம்போக்கு, சில இடத்தில் அறநிலையத் துறையுடையது, சில இடத்தில் ஒரு குடும்பத்தின் பெயரில். தெரியாமல் வேலி போட்டால் வழக்கில் முடியும். அதைவிட முக்கியம், அங்கே ஆடு மேய்ப்பவர், தேன் எடுப்பவர், பூசாரி, நேர்த்திக்கடனுக்கு மண் குதிரை செய்து தருகிற வேளார் ஆகியோருக்கு அந்தக் காட்டைப் பற்றி நம்மைவிட அதிகம் தெரியும். மேய்ச்சலை அடியோடு நிறுத்தச் சொல்வதைவிட, மூன்று வருஷத்துக்கு இந்தப் பக்கம் வேண்டாம், அந்தப் பக்கம் மேயட்டும் என்று உட்கார்ந்து பேசி முடிப்பது நிலைக்கும். சிவகங்கை மாவட்டம் கொள்ளுகுடிப்பட்டியில், வேட்டங்குடிச் சரணாலயத்துப் பறவைகளுக்காக ஊரே தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. யாரும் தண்டனை போட்டு அது நடக்கவில்லை.

ரசிக்கப் போகும்போது

போங்கள், அவசியம் போங்கள். பார்க்காத காட்டுக்காக யாரும் வாதாட மாட்டார்கள். விடியலில் போய் ஒரு இடத்தில் உட்கார்ந்துவிடுவதுதான் சிறந்த வழி. அரைமணி நேரம் அசையாமல் இருந்தால் காடு தன் வேலையைத் தொடரும், நடந்துகொண்டே இருப்பவருக்குக் காலியாகத்தான் தெரியும்.

பறவையின் குரலைக் கைப்பேசியில் போட்டுக் கூப்பிடாதீர்கள். தன் எல்லைக்குள் எதிரி வந்துவிட்டதாக நினைத்து அது மேய்ச்சலையும் கூட்டையும் விட்டுவிட்டு வருகிறது. கூட்டைப் படம் எடுக்க மறைக்கும் இலையை ஒதுக்கினால், நாம் போன பிறகு காக்கைக்கு அந்தக் கூடு தெரியும். தேவாங்கு, ஆந்தை, எறும்புத்தின்னி தென்பட்டால் இடத்தின் பெயரைச் சமூக ஊடகத்தில் போட வேண்டாம். இவற்றைப் பிடித்து விற்பவர்கள் இருக்கிறார்கள். குரங்குக்குச் சாப்பாடு போடுவது பாசமாகத் தோன்றும். காட்டுப் பழத்தைத் தின்று விதையைப் பரப்ப வேண்டிய கூட்டம் பிஸ்கட்டுக்காகச் சாலையோரம் உட்கார்ந்து வண்டியில் அடிபடுகிறது. எங்கோ பிடித்த பாம்பையும் கடையில் வாங்கிய ஆமையையும் கோயில் காட்டில் கொண்டுபோய் விடுவதும் புண்ணியமில்லை. சில ஏக்கர் காட்டில் ஏற்கெனவே இருப்பவற்றுக்கே இடம் போதாது.

பட்டுப்போன மரத்தை ஆபத்து என்று உடனே சாய்க்காதீர்கள். பாதையின் மேல் சாய்ந்திருந்தால் சரி, எடுக்கத்தான் வேண்டும். மற்றபடி தலை போன பனையின் பொந்தில்தான் பனங்காடையும் கிளியும் மைனாவும் குஞ்சு பொரிக்கின்றன.

உங்கள் ஊரில் இப்படியொரு காடு இருந்தால், அதற்குச் சட்டப் பாதுகாப்பு பெறவும் வழி உண்டு. 2002-ஆம் ஆண்டின் உயிரியல் பன்மைச் சட்டப்படி உள்ளாட்சி அமைப்புகளில் உயிரியல் பன்மை மேலாண்மைக் குழு அமைக்க வேண்டும். ஓர் இடத்தை உயிரியல் பன்மைப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கும் பேச்சை அந்தக் குழு வழியாகத் தொடங்கலாம். மதுரை மாவட்டத்தில் அரிட்டாபட்டி 2022-இல் அப்படி அறிவிக்கப்பட்டது. 2025-இல் திண்டுக்கல் மாவட்டம் காசம்பட்டியின் வீரகோயில் காடு அறிவிக்கப்பட்டது. அதன் பரப்பு ஏறக்குறைய 5 ஹெக்டேர்தான். சின்னக் காடு என்பதால் கேட்கத் தயங்க வேண்டியதில்லை. முதலில் ஊராட்சி அலுவலகத்தில் அந்தக் குழு இருக்கிறதா, ஊரின் செடிகளையும் உயிரினங்களையும் பதிந்து வைக்கும் மக்கள் உயிரியல் பன்மைப் பதிவேட்டில் உங்கள் கோயில் காடு எழுதப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால், தை மாதம் நீங்கள் எழுதி வைத்த அந்தச் செடிப் பட்டியலைக் கையோடு கொண்டு போங்கள்.